ஐஸில் வந்த கட்டி

லாசர் முதன்முதலில் என் லேபுக்கு வந்தபோது வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண் அவரை உள்ளே விடவில்லை. தோளில் தெர்மகோல் பெட்டி, கட்டம் போட்ட லுங்கி, கூடவே கடல் வாடை. மீன் விற்க வந்தவர் என்று நினைத்து, இங்கே யாரும் மீன் வாங்க மாட்டார்கள், மேடத்துக்கு வாடையே ஆகாது என்று சொல்லிவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமின் சீட்டு அது. நோயாளி லூர்துமேரி, வயது நாற்பத்து மூன்று. இடது மார்பில் கட்டி, அறுத்து எடுக்கப்பட்டது, பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறது.

என் பெயர் ஸ்ரீரஞ்சனி. மந்தைவெளியில் இருபது வருஷத்துக்கும் மேலாக லேப் நடத்துகிறேன். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து அது இன்னதென்று எழுதிக் கொடுப்பது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சர்ஜன்கள் என்னிடம் ஃபோனில் பேசவே தயங்குவார்கள், அது எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. அன்றைக்கும் அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கட்டி எங்கே என்று கேட்டேன். லாசர் மூடியைத் திறந்தார். உடைத்த ஐஸுக்கு நடுவில், பிளாஸ்டிக் கவருக்குள் கவராகச் சுற்றி ஒரு பொட்டலம் இருந்தது. தெரிந்த வாடிக்கையாளருக்கென்று நல்ல வஞ்சிரத்தை எடுத்து வைத்திருப்பவரின் பெருமை அவர் முகத்தில்.

"சனிக்கெழம சாயங்காலம் குட்த்தாங்க டாக்டரம்மா. இங்க வந்தா பூட்டிக் கீது. அப்பலேந்து ரெண்டு நாளா ஐஸ் மாத்திக்கினே கீறேன். கெட்டுப் போவல, நீங்களே பாருங்க."

பாட்டிலில் போட்டுத் தரவில்லையா என்று கேட்டேன். பாட்டிலில்தான் தந்தார்களாம். வீட்டுக்குப் போய்த் திறந்து முகர்ந்து பார்த்திருக்கிறார். சதை அழுகாமல் இருக்க ஊற்றுகிற ஃபார்மலினின் வாடை. உடனே அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கட்டியைக் கழுவி, ஐஸில் உப்புப் போட்டு வைத்துவிட்டார். இதை அவர் சொல்லி முடித்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மீன்காரருக்கு ஃபார்மலின் வாடை எப்படித் தெரியும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதற்கு லாசரின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னால் என் லேப் பெஞ்சில் உட்கார்ந்து அவரே துண்டு துண்டாகச் சொன்னதுதான் இது.

நொச்சிக்குப்பத்தில் பிறந்தவர். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று அப்பாவோடு கட்டுமரம் ஏறினார், பிறகு ஃபைபர் போட். பட்டினப்பாக்கத்தில் கூடை வைத்து உட்கார்ந்திருந்த லூர்துமேரியின் அம்மாவிடம் மீன் போட்டவர், அம்மாவை விட்டுவிட்டு மகளிடம் விலை பேச ஆரம்பித்தார். சாந்தோம் கோயிலில் கல்யாணம். பிள்ளை இல்லை. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டியே பேசினார். ஒரு தடவை போட்டைக் கரையேற்றும்போது அலை அடித்து முட்டி நசுங்கிப் போனது. அத்தோடு கடல் முடிந்தது. கடலுக்குப் போன ஆண்பிள்ளை கரைக்கு வந்து பெண்டாட்டி கடையில் உட்கார்ந்தால் குப்பத்தில் சும்மா விடுவார்களா? மேரிக்கு அசிஸ்டென்ட் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவரும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றிருக்கிறார். வியாபாரம் அவளுடையது, ஐஸ் இவருடையது. எந்த மீனுக்கு எவ்வளவு ஐஸ், எவ்வளவு கல்லுப்பு கலந்தால் குளிர் கூடும் என்பதெல்லாம் இவர் கணக்கு. அவர்கள் கடை இருக்கும் லூப் ரோட்டில் மத்தியானம் வரைக்கும் மேரி கடை மீன்தான் விறைப்பாக இருக்கும் என்று சொல்லும்போது அவருக்குக் குரலே மாறும்.

சில வருஷங்களுக்கு முன்னால் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது ஞாபகம் இருக்கும். என் போன்ற சைவக்காரர்களுக்கு அது காப்பியோடு படித்துவிட்டு மறக்கிற செய்தி. இவர்களுக்கு வயிற்றில் அடி. வருஷக்கணக்காக மேரியிடம் வாங்கியவர்களே, பிணத்துக்கு ஊற்றுவதை மீனுக்கு ஊற்றுகிறீர்களாமே என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டுப் போனார்கள். விற்காத மீனைத் திரும்பக் கடலிலேயே கொட்டியிருக்கிறார்கள். அப்போது குப்பத்தில் ஒரு கூட்டம் போட்டு, அதிகாரி ஒருவர் சின்னக் குப்பியைத் திறந்து எல்லோர் மூக்குக்கும் நேராக நீட்டினாராம். இந்த வாடை வந்தால் தொடாதீர்கள், இது விஷம், புற்றுநோய் வரவைக்கும் என்றாராம். லாசர் அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டார். நர்சிங் ஹோம் பாட்டிலைத் திறந்ததும் அதே வாடை. புற்று இருக்கிறதா என்று பார்க்கப் போகிற சதையைப் புற்று வரவைக்கிற தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறார்களே, அது இல்லாததையும் இருப்பதாகக் காட்டிவிடாதா என்று பதறிப் போய்விட்டார்.

இதில் எங்கே தப்பு என்று நான் இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். அந்தப் பாட்டிலைக் கையில் கொடுத்த எவராவது, இந்தத் தண்ணீரில்தான் சதை அப்படியே நிற்கும், கொட்டாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த நர்சிங் ஹோம் சர்ஜனுக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுக்க முடியுமா மேடம் என்றார். சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும் என்று அவர் முன்கூட்டியே ஊசி குத்திக்கூடப் பார்க்கவில்லை. ஸ்கேன் எழுதியவரோ இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து எழுதியிருந்தார். அன்று நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஸ்லைடு தயாராகி வந்தது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததுமே தெரிந்துவிட்டது. உப்பு போட்ட ஐஸில் சதை உறைந்து, பிறகு இளகி, மறுபடி உறைந்திருக்கிறது. உறையும்போது உள்ளேயிருக்கும் நீர் ஊசி ஊசியாகக் கட்டி எல்லாவற்றையும் கிழித்துவிடும். ஆப்பத்தின் நடுப்பகுதி போல எங்கே பார்த்தாலும் ஓட்டை. ஓட்டைகளுக்கு நடுவில் மங்கிப் போன செல்கள். சில இடங்களில் அவை கொத்துக் கொத்தாக நெருங்கி நின்றன. அந்த நெருக்கம் புற்றாகவும் இருக்கலாம். புற்றே இல்லாமல் வெறுமனே வளர்ந்து நிற்கிற கட்டியிலும் அப்படி இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல வேண்டுமென்றால் செல்லின் கருவையும் ஓரத்தையும் பார்க்க வேண்டும். அந்த இரண்டும்தான் போய்விட்டிருந்தன. வேறு சாயங்கள் போட்டேன். செத்த சதையில் சாயம் எங்கு பார்த்தாலும் அப்பிக்கொண்டு எதையும் காட்ட மறுத்தது. கட்டி முழுசாக வெளியே வந்துவிட்டது, மறுபடி எடுத்துப் பார்க்க உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

ஸ்லைடை எடுத்துக்கொண்டு தி.நகருக்குப் போனேன். எனக்குப் பாடம் நடத்திய குலாம் முகம்மது சார் அங்கேதான் இருக்கிறார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, புற்றில்லாத நல்ல கட்டியாகத்தான் தோன்றுகிறது, ஆனால் கையெழுத்துப் போடச் சொன்னால் போட மாட்டேன் என்றார். அடையாறில் இருக்கும் என் கல்லூரித் தோழி, புற்று என்றே எடுத்துக்கொள், பாதுகாப்பு அதுதான் என்றாள். அவளும் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை. கடைசியில் ரிப்போர்ட்டில், புற்று உண்டென்றோ இல்லையென்றோ சொல்ல இயலாது என்று எழுதினேன். எங்களுக்குள் இதற்கு நாசூக்கான ஆங்கிலம் இருக்கிறது. லாசரிடம் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தத் தண்ணிய நான் கொட்டாம இருந்தா தெரிஞ்சிருக்குமா டாக்டரம்மா?" என்றார்.

"தெரிஞ்சிருக்கும்," என்றேன்.

வேறு என்ன சொல்ல? பார்த்ததைச் சொல்வது, பார்க்காததைச் சொல்லாமலிருப்பது, இந்த ஒரு ஒழுங்கை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். லாசர் எழுந்து போனார். அன்றைக்கே வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். மேரி கொடுவா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டுவிட்டு, வுடு, வேணும்னா செஞ்ச என்றாளாம். இதை அவர் என்னிடம் ஒரு புகார் மாதிரி சொன்னார். அவள் திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

மேரியை அடையாறில் வேறொரு சர்ஜனிடம் அனுப்பினேன். பொறுமையான மனிதர். இரண்டு வழி இருக்கிறது என்று நிதானமாக விளக்கியிருக்கிறார். சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இல்லை, பயம் தாங்கவில்லை என்றால் மார்பையே எடுத்துவிடலாம். மேரியின் அக்கா இதே நோயில் போனவள் என்பதால் எடுப்பதும் தப்பில்லை என்றார். மேரி ஸ்கேன் போதும் என்று சொல்லிவிட்டாள். லாசரால் முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் என் லேப் பெஞ்சுக்கு வர ஆரம்பித்தார். காலையில் வியாபாரம் ஓய்ந்ததும் வருவார். மறுபடி ஒரு தடவை பாருங்கள் என்பார். முதலில் எரிந்து விழுந்தேன். பிறகு அவர் வந்து நின்றதுமே ஸ்லைடை எடுத்து வைத்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் உண்மையாகவே பார்த்தேன். ஒரு மூலையிலாவது ஒரு நல்ல செல் தப்பித்து நிற்காதா என்று நானும் வேண்டிக்கொண்டுதான் பார்த்தேன். அதே ஓட்டைகள். இல்லை லாசர் என்பேன். சரிங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பழைய கதை ஏதாவது பேசுவார். பெட்டியில் ஐஸ் போடுவதை விட்டுவிட்டார் என்று பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. கை வரவில்லையாம். மேரியே ஐஸும் உடைத்து வியாபாரமும் பார்க்கிறாளாம். அவள் லேசாக இருமினாலும் இவருக்குப் பகீரென்கிறதாம். உள்ளே அது இருந்து, தன்னால் தெரியாமல் போய், அக்காவைப் போல இவளும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று கேட்டார். எடுத்துவிடு மேரி, எடுத்துவிடு என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். கடைசியில் அவள் ஒத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த மார்பை ஆஸ்பத்திரி ஆளே என் லேபில் கொண்டுவந்து சேர்த்தார். எங்கள் விதிப்படி இத்தனை துண்டு எடுத்தால் போதும் என்று உண்டு. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. விரல் நுனி அகலம்கூட விடாமல் எடுத்து, ஒன்று விடாமல் பார்த்தேன். முதலில் கட்டி எடுத்த இடத்தில் காயம் ஆறின வடு இருந்தது. அதைத் தவிர ஒன்றுமே இல்லை. எல்லாம் ஆரோக்கியமான சதை.

யாருக்கும் இது நல்ல செய்தியாகத்தான் படும். ஆனால் புற்று இருந்து அது முதல் கட்டியோடு முழுசாக வெளியே வந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். புற்று என்ற ஒன்றே என்றைக்கும் இல்லாதிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். லாசரைக் கூப்பிட்டு, மீதி எதுவும் இல்லை என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து கதவருகே நின்றார்.

"அப்ப சும்மா அறுத்துட்டோமா?"

சொல்ல முடியாது லாசர் என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அவர் அழுதார். சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று அப்படி அடைத்துக்கொண்டார். நான் உள்ளே போய், கழுவிய கையையே மறுபடி கழுவினேன். எனக்கும் அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை.

அதன் பிறகு அவர் வரவில்லை. சில வாரம் கழித்து லூர்துமேரி வந்தாள். இத்தனை மாதம் அவள் சதையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவளை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறேன். நல்ல வாட்டசாட்டம். கடைத்தெருவையே அதட்டுகிற குரலாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் என்னிடம் தணித்துப் பேசினாள். முந்தானையை இடது பக்கம் இரண்டு சுற்றாக இழுத்துப் போர்த்தியிருந்தாள். தன் உடம்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முழுக்க லாசரைப் பற்றித்தான் பேசினாள். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவள் சேலை மாற்றினால் எழுந்து வெளி வராந்தாவுக்குப் போய்விடுகிறார். முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. தான்தான் கத்தி எடுத்து அறுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"எங்க வூட்டு ஆளுகிட்ட எனக்கு இருந்துச்சுன்னு சொல்லிடுங்க டாக்டரம்மா. புத்து இருந்துச்சு, அறுத்ததே நல்லதாப் போச்சுன்னு சொல்லிடுங்க."

இந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் எல்லோரும் இல்லை என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது என்று சொல்லச் சொல்லிக் கேட்டு வந்த ஒரே மனுஷி இவள்தான். அப்படிச் சொன்னால் நாளைக்கே அவர் உனக்கு என்ன ஆகுமோ என்று பயந்து சாவாரே அம்மா என்றேன்.

"பயந்தா அது எங்கூட இருக்கும். இப்ப எங்கூடவே இல்ல."

முடியாது என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு வலித்தது என்று அவளுக்குத் தெரியாது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அதன் பின்னாலேயே மருந்தும் ஊசியும் வரும், நாளைக்கு எவராவது அதை நம்பி உன் உடம்பில் விஷத்தை ஏற்றுவார்கள் என்று விளக்கினேன். வாயால் மட்டும் சொன்னால் போதும், எழுத வேண்டாம் என்றாள். அதுவும் முடியாது என்றேன். அவள் மல்லுக்கட்டவில்லை. எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். நீங்கள் சொல்ல வேண்டாம், நீங்கள் சொன்னதாக நானே சொல்லிக்கொள்கிறேன், அவர் வந்து கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. போய்விட்டாள்.

மறுநாள் காலையில் லாசர் ஃபோன் செய்தார். பின்னால் லூப் ரோட்டின் இரைச்சல் கேட்டது. மேரி உங்களைப் பார்த்தாளாமே என்று ஆரம்பித்தார். நீங்கள் மறுபடி பார்த்தீர்களாம், புற்று இருந்தது உறுதியாகிவிட்டதாம், அறுக்காமல் விட்டிருந்தால் ஆளே போயிருப்பாளாம் என்று அவள் சொன்னதையெல்லாம் ஒப்பித்தார். பிறகு கேட்டார்.

"நெசமா டாக்டரம்மா?"

நான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்று வரவில்லை. இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. சர்ஜன்களை எல்லாம் ஒரு வாங்கு வாங்குகிற என் வாய், ஒரு மீன்காரரிடம் ஒரு சொல் சொல்ல முடியாமல் அப்படியே நின்றுவிட்டது. அவர் காத்திருந்தார். இத்தனை நாள் என் எதிரே உட்கார்ந்து என்னை நன்றாகப் படித்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

"சரி, வுடுங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றார். "நேத்து மேரி சொன்னவுடனே நான் அழுதுட்டேன். நல்லவேள அறுத்தோம் மேரின்னு சொன்னேன். சோறு போட்டுக்கினே சிரிச்சுது டாக்டரம்மா, எவ்ளோ நாளாச்சு அது சிரிச்சி. நான் நம்பிட்டேன்னே அது நெனச்சிக்கினு இருக்கட்டும்."